அந்தப் பெண்ணிடம் சொல்

அரியூர் நாடு, கொல்லிமலை
7-12-2025

அன்புள்ள தம்பி சிவபிரகாஷுக்கு,

அக்கா மணிமேகலை எழுதுவது. நானும் உன் மாமாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம். நீ கோயம்புத்தூரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாயா என்பதுதான் என் யோசனை.

போனில் பேசாமல் அக்கா எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை அணைத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஆவணியில் ஒரு கம்பெனி வேன் வந்து ஊருக்கே இலவசமாக உடம்பு சோதித்தார்கள் என்று சொன்னேனே. ரத்தம், சளி, நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் ஆளைக் கூட்டி வந்தவள் நான்தான். முடிவு போனில் வரும், ஆளுக்கொரு நம்பர் கொடுங்கள் என்றார்கள். நம் ஊரில் ஆளுக்கொரு நம்பருக்கு எங்கே போவது? டவர் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல், அதுவும் என் போனுக்குத்தான் ஒழுங்காகக் கிடைக்கும். கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என் நம்பரையே கொடுத்துப் பழகியவர்கள், இதற்கும் அதையே கொடுத்தார்கள்.

வேனில் வந்த ஆள், "குடும்பத்துல சேர்னு ஒரு பட்டன் இருக்குதுங்க, அதை அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். ஒவ்வொரு பேருக்கும் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்தது, கீழே ஓகே என்று ஒரு கட்டம். ஆட்கள் எல்லாம் கீழே பலாமரத்தடியில் நின்றார்கள். நான் பாறை மேல் உட்கார்ந்து ஊருக்கே ஓகே போட்டேன். அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை எனக்கு ஊர் முழுக்கக் குடும்பம்.

முடிவு வந்தபோது ஒவ்வொருத்தரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அதுவரை நல்லபடியாகத்தான் போனது. ஐப்பசி முடிகிற நேரத்தில் யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். பேரைச் சொல்லி, வியாதியைச் சொல்லி, மருந்து வாங்குங்கள், இன்சூரன்ஸ் போடுங்கள் என்கிறார்கள். என் போனை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். பாப்பாயி அத்தையின் சர்க்கரை அவள் மருமகளுக்குத் தெரிந்தது. மருமகளின் ரத்தசோகை அத்தைக்குத் தெரிந்தது. அத்தை என் வாசலில் நின்று, "ஊரு ஒடம்ப வித்து என்னத்த வாங்குன சாமி?" என்று கேட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு டி.பி. என்று வந்திருந்தது. நர்ஸ் யமுனா மாத்திரை கொடுத்து, ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் முழுசாகப் போய்விடும் என்றார். ஒழுங்காகத்தான் சாப்பிட்டு வந்தாள். இந்தப் போன்கள் வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டாள். மாத்திரைக்குப் போனால் யாராவது பார்ப்பார்கள், அவள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிற நல்ல காரியம் நின்றுபோகும் என்று பயம். அவள் பேரை உனக்கும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ போனில் பேசுகிற ஆபீஸில்தானே இருக்கிறாய். எங்கள் விவரம் எப்படி வெளியே போனது? அதை எப்படித் திரும்ப வாங்குவது?

உனக்குப் பார்த்திருக்கிற ராதிகா வீட்டார் தை பிறந்ததும் புளியஞ்சோலையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெண் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக அழுத்தி ஒட்டியிருக்கிறேன், பிரிந்து வந்தால் எழுது.

உன் அக்கா
மணிமேகலை


கோயம்புத்தூர்
14-12-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவர் பிரியாமல் வந்தது. நான் நலம். நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விவரத்தை அந்த வேன் கம்பெனியிடமிருந்து வாங்கியவர்களில் எங்கள் ஆபீஸும் ஒன்று. யாரைக் கூப்பிடுவது என்பது எங்கள் கையில் இல்லை. திரையில் ஒரு பேர் வரும், பக்கத்தில் நம்பரும் வியாதிக் குறிப்பும் வரும், நாங்கள் பேச வேண்டியதுதான். போன மாதம் ஒருநாள் உன் நம்பர் வந்தது. பேர் பாப்பாயி என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது, வேறு பேரோடு. நான் கூப்பிடவில்லை. எடுக்கவில்லை என்று குறித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா.

இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர், 2023-லேயே நிறைவேற்றினார்கள். அதை நடத்துகிற விதிகள் போன மாதம்தான் வந்தன, எங்கள் ஆபீஸில் வகுப்புகூட எடுத்தார்கள். ஒருவருடைய விவரத்தை எதற்கு வாங்குகிறோம் என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும், தமிழ் கேட்டால் தமிழில். அவரே மனசார ஒத்துக்கொள்ள வேண்டும். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம், கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக. அப்படி வாங்கிவிட்டால் விவரத்தை அழிக்க வேண்டும்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. இதில் முக்கியமான கடமைகள் எல்லாம் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை கம்பெனிகள் தயாராவதற்கு அவகாசம். ஆனாலும் இப்போதே கேட்டு வையுங்கள். தயாராகிற வேலை நடக்கும்போது கேட்டால் யார் காதிலாவது விழும். அந்த வேன் கம்பெனியின் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் சொல், மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் முரண்டு பிடிக்கும், அப்புறம் சாதாரண மருந்துக்கு அடங்காது. மூத்திரம் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். எந்த நல்ல காரியமும் அவள் உடம்பைவிடப் பெரிதில்லை. இதை நான் சொன்னதாகவே சொல்.

உன் தம்பி
சிவபிரகாஷ்


அரியூர் நாடு
28-12-2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து, உன் சுகம் அறிந்தேன். நாங்களும் நலம், மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் மூட்டு வலி.

உன் ஆபீஸும் அதில் சேர்த்தி என்று படித்ததும் அன்று முழுக்க உன் மேல் கோபமாகவே இருந்தது. பிறகு யோசித்தேன். ஓகே போட்டவள் நான், கூப்பிடச் சொல்லி உட்காரவைக்கப்பட்டவன் நீ. அக்காளும் தம்பியும் நல்ல வேலைதான் பார்த்திருக்கிறோம்.

நீ சொன்னபடி எழுதிவிட்டேன். ஊரில் எல்லார் பேரையும் வரிசையாகப் போட்டு, எங்கள் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று எழுதி, அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பாப்பாயி அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் பைப்படிக்கு வந்தால் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போகிறாள்.

அந்தப் பெண் இன்னும் மாத்திரைக்குப் போகவில்லை. நர்ஸ் யமுனா அவளைத் தேடி வந்தார். அவரைத் தூரத்தில் பார்த்ததும் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய் நின்றுகொண்டாள். கிழங்குச் செடி ஆள் உயரத்துக்கு இருக்கிறது, ஒளிந்துகொள்ள வசதி. அங்கே நின்று இருமல் வராமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாளாம். நல்ல காரியம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

ராதிகா வீட்டார் பொங்கல் கழிந்ததும் வருகிறார்கள். உனக்கு லீவு கிடைக்குமா?

உன் அக்கா
மணிமேகலை


கோயம்புத்தூர்
5-1-2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? மாமாவின் மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். எனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராதிகா வீட்டாரை நீயே பார்த்துப் பேசு.

நீ எழுதியதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. ஊருக்கெல்லாம் சேர்த்து நீ ஒருத்தி ஓகே போட்டதில்தானே இந்த வினை வந்தது? இப்போது வேண்டாம் என்பதையும் ஊருக்குச் சேர்த்து நீயே சொன்னால் எப்படி? அவரவர் விவரம் அவரவருடையது. அவரவர்தான் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நீ எழுதி அவர்களிடம் கைநாட்டு வாங்கு. தனித்தனிக் கவரில் போடு. சிரமம்தான், ஆனாலும் செய்.

தைலத்தோடு ஒரு ஸ்வெட்டரும் இருக்கிறது. அது அந்தப் பெண்ணுக்கு. கத்திரிப்பூ நிறத்தில் எடுத்தேன். அளவு ஏதோ குத்துமதிப்பாகச் சொன்னேன், பொருந்தாவிட்டால் தெரிந்தவர் யாருக்காவது கொடுத்துவிடு. தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல். இடது பக்கத்தில் மட்டும்தானே இருக்கிறது, மாத்திரையைத் தொடர்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். அவள் காட்டுக்குள் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து அவளைப் போகச் சொல்.

உன் தம்பி
சிவபிரகாஷ்


கோயம்புத்தூர்
10-2-2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பொங்கல் போய் இவ்வளவு நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாமா பேளுக்குறிச்சி சந்தைக்கு வந்தபோது யாரிடமோ போன் வாங்கிப் பேசினார். ராதிகா வீட்டார் வந்து போனதைச் சொன்னார், சந்தோஷமாக இருந்தது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "வேலயா இருக்குறா" என்றார்.

போன கடிதத்தில் எழுதக் கூடாத எதையாவது எழுதிவிட்டேனா என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். எழுதியிருந்தால் மன்னித்துவிடு. அதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. நலமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

உன் தம்பி
சிவபிரகாஷ்


அரியூர் நாடு
17-2-2026

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீ கேட்டதற்கு இதுதான் பதில், இனி நிம்மதியாகச் சாப்பிடு.

மிளகு பறிப்பு நடக்கிறது, அதனால்தான் எழுத முடியவில்லை. மாமா ஏணி போட்டு மரத்தில் ஏறிவிடுகிறார், நான் கீழே காயவைக்கிறேன். ஸ்வெட்டர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி இருக்கிறது. கடைக்காரர் கெட்டிக்காரர்தான்.

அவள் பொங்கல் கழிந்ததுமே மாத்திரைக்குப் போய்விட்டாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதை வாங்கி இன்னொரு தடவை தானே படித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டாக்டர் மறுபடியும் சளியைப் பார்த்து, விட்ட நாளையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றாராம். யமுனா ஒரு வார்த்தை திட்டவில்லை. "வந்துட்டீங்கல்ல, அது போதுமுங்க" என்று சொல்லி மாத்திரையைக் கையில் கொடுத்தாராம்.

இனி கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். மாரியம்மன் கோயிலில் ஊரைக் கூட்டினோம். நான் எழுந்து, ஓகே போட்டதையும் அதனால் வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். தனித்தனியாக எழுத வேண்டும் என்றேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஊர்க்கவுண்டர் அண்ணாமலை, "மணிமேகலையே எல்லாத்துக்கும் சேத்து எழுதிப்போடட்டும், என்னங்கறீங்க?" என்று கேட்டார். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருந்தால் இங்கே சரி என்று அர்த்தம். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "இல்லீங்க, பேசாம இருந்தா அது சரின்னு ஆகாதுங்க. சட்டமே அப்படித்தானுங்க சொல்லுது. ஒவ்வொருத்தரும் வாயத் தொறந்து சொல்லோணும்" என்றேன். கவுண்டர் முகம் சுருங்கிவிட்டது. அப்போது யார் எழுந்தது என்று நினைக்கிறாய்? பாப்பாயி அத்தை. "எனக்கு வாயி இருக்குது, நாஞ் சொல்றேன். என் சக்கரையப் பத்தி எவனும் எம் மருமவகிட்டப் பேசப்படாது. எழுதிக்கோ" என்றாள். கூட்டமே சிரித்தது, அவள் மருமகளும் சேர்ந்துதான். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். நான் எழுதிய கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார்கள். அடுத்த நாள் பைப்படியில் அத்தை எனக்கும் ஒரு குடம் பிடித்து வைத்திருந்தாள்.

கவர்களை எல்லாம் தபால்காரர் கையில் கொடுத்தபோது, "என்னங்க, ஊரே எங்கயாவது பொண்ணு கேக்குதா?" என்றார்.

உன் அக்கா
மணிமேகலை


கோயம்புத்தூர்
1-3-2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். நான் நலம், இப்போது நிஜமாகவே நலம்.

நீ கூட்டத்தில் எழுந்து நின்றதைப் படித்தபிறகு நான் மட்டும் சும்மா இருப்பது சரியாகப் படவில்லை. எங்கள் மேலாளர் சதீஷ்குமாரிடம் போய், இந்த விவரங்கள் எல்லாம் சம்மதம் இல்லாமல் வந்தவை, இவற்றை வைத்து நான் கூப்பிட மாட்டேன் என்றேன். "நாம திருடலப்பா, வெல குடுத்து வாங்குனோம். சட்டத்துக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான், "இது எங்க ஊருங்க சார்" என்றேன். அன்று சாயங்காலமே என்னைப் போன் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பின் அறையில் பழைய பதிவுகளைச் சரிபார்க்கிற வேலை. வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்களோ என்று முதலில் பயந்தேன். இதுவரை அப்படி எதுவும் இல்லை. ராதிகாவிடமும் நடந்ததைச் சொன்னேன். "சும்மா இருந்திருந்தா எனக்குப் புடிச்சிருக்காது" என்றாள்.

அந்தப் பெண்ணிடம் சொல், அவளை நினைத்துத்தான் எனக்குச் சதீஷ்குமார் அறைக்குள் போகத் தைரியம் வந்தது. மாத்திரை சாப்பிட்டதும் குமட்டினால் எலுமிச்சை வைத்துக்கொள்ளச் சொல். வெயில் ஏறுகிறது, மிளகைக் காயவைக்கிறேன் என்று நீயும் வெயிலிலேயே நிற்காதே.

உன் தம்பி
சிவபிரகாஷ்


அரியூர் நாடு
12-4-2026

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். அந்தப் பெண்ணுக்கு இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறியிருக்கிறது. போன வருஷத்து ரவிக்கை கையில் பிடிக்கிறதாம்.

பங்குனி பாதி தாண்டியும் ஒரு பதிலும் இல்லை. ஊரில் நம்பிக்கை விட்டுப்போச்சு. பிறகு போன வாரம் செம்மேட்டு பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பேர் கலைமணி. அந்த வேன் கம்பெனியில் இந்தச் சட்ட வேலைக்கென்று புதிதாக வைத்திருக்கிறார்கள். வளைவில் எல்லாம் வாந்தி எடுத்து முகமே வெளுத்துப்போயிருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். "உங்க கடிதங்க ஒண்ணொண்ணா என் மேசைக்கு வந்துச்சுங்க. ஒரே கடிதமா இருந்தா ஒரு பதில எழுதி முடிச்சிருப்பாங்க. இத்தன பேரு தனித்தனியா கேட்டதால மேல வரைக்கும் கொண்டுபோக முடிஞ்சுது" என்றாள். உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தமிழில் அடித்த தாளைக் கொண்டுவந்திருந்தாள். என்ன எடுத்தோம், எதற்கு எடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று அதில் இருந்தது. விற்றது தப்புதான் என்று வாய்விட்டே சொன்னாள். பாறை மேல் ஏறி ஓகே போடுகிற கதை இந்தத் தடவை இல்லை. பலாமரத்தடியில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பேசினாள், மற்றவர்களைக் காது கேட்காத தூரத்தில் உட்காரச் சொன்னாள். நம் ஆட்களுக்கு அந்தத் தூரத்தில் உட்காரத்தான் சிரமமாக இருந்தது.

பாப்பாயி அத்தை என்ன கேட்டாள் தெரியுமா? "அழிக்க வேண்டாம் சாமி. அடுத்த தடவ டாக்டரு வந்தா பழய சக்கரைக் கணக்கு வேணுமல்ல. ஆனா விக்கப்படாது" என்றாள். அப்படியும் கேட்கலாமாம், கலைமணி எழுதிக்கொண்டாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். அவளுடைய கணக்கு யமுனாவிடம் இருக்கிறது, அது போதும் என்றாள்.

அழித்ததற்கு அத்தாட்சி ஆளுக்கொன்றாகத் தபாலில் வருமாம். உன் ஆபீஸுக்கும் எழுதியிருக்கிறார்களாம். வந்ததா என்று பார்.

உன் அக்கா
மணிமேகலை


கோயம்புத்தூர்
3-5-2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோயம்புத்தூரில் கோடை மழை பெய்தது, அங்கேயும் பெய்திருக்கும்.

வேன் கம்பெனி எழுதிய கடிதம் எங்கள் ஆபீஸுக்கு வந்தது. எங்கள் ஆபீஸும் சட்டம் வருவதற்குள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது. சம்மதம் இல்லாத பதிவுகளை எடுத்துத் தள்ளுகிற வேலை எங்கள் பின் அறைக்குத்தான் வந்தது. சதீஷ்குமாரே வந்து, "உன் ஊர்ல இருந்தே ஆரம்பி" என்றார். அவருக்கு அது ஒரு சமாதானம் போல.

ஆனால் நம் ஊர்ப் பதிவுகளை நான் அழிக்கவில்லை அக்கா. அழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்து மேசையில் இருக்கும் முருகானந்தம் அண்ணனை அழிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். அவர் முடித்துவிட்டேன் என்று கையைக் காட்டியபிறகுதான் உள்ளே வந்தேன். வந்து உன் நம்பரைப் போட்டுத் தேடினேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த ஆபீஸில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

வேறு யார் யாரிடம் போயிருக்கிறதோ தெரியாது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். யாராவது கூப்பிட்டால் கம்பெனிப் பேரைக் கேட்டுக் கலைமணிக்கு எழுதச் சொல். போனை அரிசி டின்னிலிருந்து எடுக்கலாம்.

அந்தப் பெண்ணிடம் சொல், அவள் பேர் எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

உன் தம்பி
சிவபிரகாஷ்


அரியூர் நாடு
24-5-2026

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுத்துவிட்டேன். கொஞ்ச நாளாக யாரும் கூப்பிடவில்லை. அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனாலும் இதைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை மாத்திரை முடிந்தது. சளியில் ஒன்றும் இல்லை, படமும் சுத்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யமுனா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பெண் நான்தான் சாமி.

உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இடது பக்கம் என்று நான் உனக்கு எழுதவே இல்லை. மார்கழியில் அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் போனோடு அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். உன் திரையில் என் பேரும் வந்திருக்கிறது, என் தம்பி அதை யாரோ போலப் படித்திருக்கிறான் என்று அவமானமாக இருந்தது. உனக்குப் பதில் எழுதவே பிடிக்கவில்லை. ஸ்வெட்டரைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஒருநாள் குளிர் தாங்காமல் எடுத்துப் போட்டேன், சரியாக இருந்தது. அப்போதுதான் உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இவ்வளவும் தெரிந்தும் என் பேரை ஒரு இடத்தில்கூட நீ சொல்லவில்லை. நான் அந்தப் பெண் என்று எழுதினால் நீயும் அந்தப் பெண் என்றே எழுதினாய். அன்றைக்கே மாத்திரைக்குப் போய்விட்டேன்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் ராதிகாவிடம் சொன்னேன். அவள் வீட்டில் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் இத்தனை நாளும் ஒளிந்தேன், அதனால் அவளிடம் நானே சொல்வதுதான் முறை என்று புளியஞ்சோலைக்குப் போனேன். கேட்டுவிட்டு, "மாத்திர முடிஞ்சிருச்சுங்களாக்கா? அப்போ ஆவணிக்குக் கல்யாண வேலைய நீங்கதான் எடுத்துச் செய்யோணும்" என்றாள். வீட்டில் அவளே சொல்லிக்கொள்கிறாளாம். அவள் அம்மா எனக்குக் கட்டாயப்படுத்தி ரெண்டு முட்டை வைத்தார்.

முதல் தடவையாகப் பயமில்லாமல் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன்.

உன் அக்கா
மணிமேகலை


கோயம்புத்தூர்
31-5-2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பதைப் படித்து அறிந்தேன். இத்தனை கடிதத்திலும் இந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தேன்.

இடது பக்கம் என்று எழுதியது என் தப்பு. கவரைத் தபால் பெட்டியில் போட்டபிறகுதான் உறைத்தது. கையை விட்டு எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன். அப்புறம் நீ எழுதாமல் இருந்த நாளெல்லாம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

திரையில் வந்ததை உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். அது உன்னிடமிருந்து பிடுங்கி எங்களிடம் விற்ற விஷயம். அதை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியுமே என்று தம்பியாக நான் எப்படிப் பேச முடியும்? அதை முருகானந்தம் அண்ணன் அழித்துவிட்டார். நானும் அழித்துவிட்டேன்.

இப்போது நீயாகச் சொல்லியிருக்கிறாய் அக்கா. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் வாரேன். கோழி அடித்து வை. அந்தப் பெண்ணையும் சாப்பிடக் கூப்பிடு, அவளைப் பார்க்க வேண்டும்.

உன் தம்பி
சிவபிரகாஷ்